பழைய வீடியோ கேம் பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணி காப்பாத்துறது எப்படி

1980, 90கள்ல வந்த வீடியோ கேம் பத்திரிகையை எல்லாம் இப்ப யாரு படிக்கப்போறாங்கன்னு கேக்கறவங்க இருக்காங்க. ஒரு கேம் எந்த மாசம் கடைக்கு வந்துச்சு, என்ன விலைக்கு வித்துச்சு, வெளியாகறதுக்கு முன்னாடி அது பாக்க எப்படி இருந்துச்சு, இதெல்லாம் அந்தக் காலத்துல இன்டர்நெட்ல யாரும் எழுதி வைக்கல, காகிதத்துல மட்டும்தான் இருக்கு. அமெரிக்காவுல 1982-ல இருந்து 1990 வரைக்கும் கம்ப்யூட்டர் என்டர்டெய்னர்னு ஒரு சின்ன மாசப் பத்திரிகை வந்துச்சு, பளபளப்பு எதுவும் கிடையாது, ஆனா நின்டெண்டோவோட என்.இ.எஸ்.ங்குற கேம் மெஷினுக்கான கேம்கள் அங்க எப்ப வெளியாச்சுன்னு தேடறவங்க இன்னைக்கும் அதைத்தான் புரட்டுறாங்க, ஏன்னா அந்த அளவுக்கு மாசா மாசம் தேதி குறிச்சு வச்ச வேற இடம் ரொம்பக் குறைவு. அந்த மாதிரி ஒரு பத்திரிகை ஈரத்துலயும் எடைக்குப் போட்டும் போயிடுச்சுன்னா அதோட அந்தத் தகவலும் போச்சு.

அதனால இந்த வேலையை எடுத்தா ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சு செய்யணும்: பத்திரிகையைப் பிரிக்கறது ஒரு தடவைதான் நடக்கும், அதனால எடுக்கற ஸ்கேன் இன்னொருத்தர் மறுபடி எடுக்கத் தேவையே இல்லாத மாதிரி இருக்கணும். கீழ சொல்றது எல்லாமே அதுக்காகத்தான்.

முதல்ல, கையில இருக்கற இதழ் ஏற்கனவே ஸ்கேன் ஆகியிருக்கான்னு பாருங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ், ரெட்ரோமேக்ஸ், வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனோட டிஜிட்டல் லைப்ரரி, இந்த மூணு இணையதளத்துலயும் தேடுங்க. கடைசியா சொன்னது 2025 ஜனவரியில திறந்தாங்க, திறக்கும்போதே 1,500-க்கு மேல பழைய கேம் பத்திரிகைங்க உள்ள இருந்துச்சு, வார்த்தை போட்டே தேடலாம். ஆனா "ஸ்கேன் இருக்கு"ன்னு பாத்ததும் விட்டுடாதீங்க, திறந்து பாருங்க. 2000-களோட ஆரம்பத்துல போட்ட ஸ்கேன்கள்ல பக்கத்தோட அகலம் 1000 பிக்சல் சுத்திதான் இருக்கும், சின்ன எழுத்தைப் படிக்கவே முடியாது, ஜே.பெக்கை நசுக்கி நசுக்கி கட்டம் கட்டமா தெரியும், இடம் மிச்சம் பண்ண விளம்பரப் பக்கங்களை எல்லாம் தூக்கிட்டிருப்பாங்க. அன்னைக்கு இருந்த நெட் வேகத்துக்கு அது சரி, அவங்க செஞ்சதாலதான் இன்னைக்கு பல இதழ்கள் இருக்குன்னே நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட இதழ் உங்ககிட்ட நல்ல நிலையில இருந்தா தாராளமா மறுபடி எடுங்க, வீண் வேலை ஆகாது. நின்டெண்டோ பவர், கேம்ப்ரோ மாதிரி லட்சக்கணக்குல அச்சான பத்திரிகைக்கு ஆள் இருக்காங்க, குறைவா அச்சானதையும் சின்ன நாடுகள்ல வந்ததையும்தான் முதல்ல எடுக்கணும். இந்தியாவுல டிஜிட் பத்திரிகைக்காரங்க கொண்டுவந்த ஸ்கோர் மாதிரி இதழ்கள் வீட்டுப் பரண்ல கிடந்தா அதை இன்னைக்கே கீழ இறக்குங்க.

அடுத்தது பிரிக்கறதா வேணாமாங்குற முடிவு. இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நடுவுல பின் அடிச்ச இதழ்னா கவலையே இல்ல. நடுப்பக்கத்தைத் திறந்தா ரெண்டு பின்னோட கால்களும் மடங்கி இருக்கறது தெரியும், மழுங்கின மெல்லிசான கத்தியோ ஸ்பாட்டுலாவோ உள்ள விட்டு மெதுவா நிமித்தி, வெளிப்பக்கம் முதுகுல இருந்து உருவிடுங்க. ஆபீஸ்ல இருக்கற பல்லு வச்ச பின் ரிமூவர் வேணாம், அது முதுகைக் கிழிக்கும். பின் துருப்பிடிச்சிருந்தா காகிதத்தோட ஒட்டியிருக்கும், இழுக்காம சின்ன கட்டிங் பிளையரால காலை வெட்டிட்டு எடுங்க. இப்படி எடுத்தா பத்திரிகைக்கு ஒரு சேதமும் கிடையாது, வேலை முடிஞ்சதும் அதே ஓட்டையில துருப்பிடிக்காத ஸ்டீல் பின்னை வச்சு திரும்ப மூடிடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின் எடுத்த பிறகு ஒவ்வொரு தாள்லயும் நாலு பக்கம் இருக்கும், 64 பக்க இதழ்னா வெளித்தாள்ல 1, 2, 63, 64 ஒண்ணா இருக்கும், அதனால ஸ்கேன் பண்ற வரிசையும் படிக்கிற வரிசையும் வேற. இதை முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு உக்காருங்க.

முதுகுல பசை போட்ட பர்ஃபெக்ட் பைண்டிங்னாதான் சிக்கல். பைண்டிங் கடையில கட்டிங் மெஷின்ல குடுத்தா ஒரு நிமிஷத்துல முதுகை வெட்டித் தந்துடுவாங்க, ஆனா முதுகுப் பக்கம் சில மில்லிமீட்டர் போயிடும். பக்கத்துல ஓரம் விட்டு அச்சடிச்சிருந்தா பிரச்சனை இல்ல. கேம் பத்திரிகைங்க அப்படி இல்லையே, படம் முதுகு வரைக்கும் ஓடும், மேப் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து போட்டிருப்பாங்க, தலைப்பு எழுத்து ஒண்ணு சரியா நடுவுல விழுந்திருக்கும். அதனால சூடு வச்சு பிரிக்கறதுதான் நல்லது. அந்தப் பசை சூட்டுல இளகுற வகை, ஹீட் கன்னோ நல்ல ஹேர் டிரையரோ வச்சு முதுகு மேல நகத்திக்கிட்டே இருங்க, ஒரே இடத்துல நிறுத்தினா காகிதம் கருகும், மை மங்கும். பசை இளகினதும் முதல்ல அட்டையை முழுசா, முதுகோட சேத்து கழட்டுங்க, முதுகுல இதழ் எண்ணும் மாசமும் அச்சாகியிருக்கும், அதையும் ஸ்கேன் பண்ணணும். அப்புறம் ஒவ்வொரு தாளா பசையில இருந்து நேரா இழுங்க, குறுக்க இழுத்தா கிழியும். ஜன்னல் திறந்து வச்சுக்கோங்க, கையில பருத்தி கையுறை போட்டுக்கோங்க. தாளோட ஓரத்துல பசைத் துணுக்கு ஒட்டியிருக்கும், அதை சூடா இருக்கும்போதே சுரண்டி எடுத்துடணும், விட்டுட்டா ஸ்கேனரோட உருளையிலயும் கண்ணாடியிலயும் போய் ஒட்டி அடுத்து வர பக்கம் எல்லாத்துலயும் கோடு விழும்.

ரொம்ப அபூர்வமான இதழ், வேற பிரதி எங்க இருக்குன்னே தெரியல, அப்படின்னா பிரிக்கவே வேணாம். பிளஸ்டெக் ஆப்டிக்புக்னு ஒரு வகை ஸ்கேனர் இருக்கு, கண்ணாடி ஓரம் வரைக்கும் படிக்கும், புத்தகத்தைப் பாதி திறந்து ஓரத்துல தொங்கவிட்டு எடுக்கலாம். இல்லைன்னா கேமரா. 24 மெகாபிக்சல் கேமராவுல நீளவாக்குல 6000 பிக்சல், அமெரிக்கப் பத்திரிகையோட உயரம் ஏறக்குறைய 10.75 இன்ச், ஃப்ரேம்ல கொஞ்சம் இடம் விட்டாலும் சுமார் 500 டி.பி.ஐ. (அதாவது ஒரு இன்ச்சுக்கு 500 பிக்சல்) வந்துடும், அது போதும். மேக்ரோ லென்ஸ், கேமராவை நேரா கீழ பாக்க வைக்கிற ஸ்டாண்டு, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில விளக்கு, பக்கத்தை அழுத்த ஒரு கண்ணாடி. ஆர்ட் பேப்பர் பளபளக்கும், வெளிச்சம் திரும்பி லென்ஸ்ல அடிச்சா விளக்கை இன்னும் சாய்ச்சுப் பாருங்க. மேல இருந்து படிக்கிற ஓவர்ஹெட் ஸ்கேனருங்க ஆபீஸ் காகிதத்துக்கு நல்லது, ஆனா அதுல வர்ற தெளிவு பத்திரிகைக்குப் பத்தாது, என்னோட அபிப்பிராயம் இது.

இப்ப ஸ்கேனர். கண்ணாடி மேல தாளை வச்சு மூடி எடுக்கற ஃப்ளாட்பெட்ல ரெண்டு ஜாதி இருக்கு, சி.ஐ.எஸ்., சி.சி.டி. விலை கம்மியா, மெல்லிசா இருக்கறது எல்லாம் சி.ஐ.எஸ்., எப்சன் வி39 மாதிரி. கண்ணாடியை ஒட்டி இருக்கற தாளை நல்லா எடுக்கும், தாள் அரை சென்டிமீட்டர் தூக்கினாலே மங்கிடும். முழுசா பிரிச்ச தாளுக்கு இது போதும். மடிப்பு, சுருக்கம், முதுகு வளைவு இருந்தா எப்சன் வி600 மாதிரி சி.சி.டி.தான் வேணும், கண்ணாடியை விட்டு கொஞ்சம் தூக்கின இடத்தையும் அது தெளிவா எடுக்கும். ஏ3 ஃப்ளாட்பெட் எங்கயாவது கிடைச்சா விடாதீங்க, பின் எடுத்த தாளை விரிச்சா 16 க்கு 10.75 இன்ச் வரும், ஏ3 கண்ணாடியில அப்படியே படுத்துடும், ரெண்டு பக்கமும் ஒரே ஷாட்ல.

தாள் தாளா இழுத்துக்கிற ஃபீடர் ஸ்கேனர், ஸ்கேன்ஸ்னாப், ஃபுஜிட்ஸு எஃப்.ஐ. வரிசை மாதிரி, வேகத்துக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா எடுக்கும். நூத்துக்கணக்குல இதழ் வச்சிருந்தா வேற வழியும் இல்ல. ஆனா உள்ள ஒரு தூசி ஒக்காந்தா அங்க இருந்து கடைசி பக்கம் வரைக்கும் மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடும், வெள்ளைப் பக்கத்துல தெரியாது, கறுப்பு விளம்பரத்துல பளிச்சுன்னு தெரியும். அதனால ஒவ்வொரு இதழுக்கும் முன்னாடி ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால கண்ணாடியைத் துடைங்க, முடிச்சதும் கறுப்புப் பக்கங்களை 100 சதவீதத்துக்குப் பெருசு பண்ணிப் பாருங்க. அட்டை, மடிப்புப் போஸ்டர், கிழிஞ்ச தாள், பசபசன்னு ஒட்டுற தாள், இதை மட்டும் ஃபீடர்ல விடாதீங்க, ஃப்ளாட்பெட்ல வைங்க.

எத்தனை டி.பி.ஐ.? 600. 300 போதும்னு பல பேர் சொல்லுவாங்க, திரையில படிக்க 300 போதும்தான், மூலப் பிரதிக்கு, அதாவது திருத்தாம காப்பாத்தி வைக்கிற முதல் ஸ்கேனுக்கு, 600 வேணும், காரணம் அச்சு முறையில இருக்கு. ஆஃப்செட் அச்சுல படம்ங்கறது நாலு கலர் புள்ளிகள், சயான் ஒரு கோணத்துல, மெஜன்டா ஒரு கோணத்துல, மஞ்சள், கறுப்பு வேற வேற கோணத்துல, பளபளப்பான பத்திரிகையில இன்ச்சுக்கு 133 இல்ல 150 வரிசைப் புள்ளி இருக்கும். 300 டி.பி.ஐ.-ல ஸ்கேன் பண்ணா ஒரு புள்ளி வரிசைக்கு ரெண்டு பிக்சல்தான் கிடைக்குது, ஸ்கேனரோட கட்டமும் அச்சோட கட்டமும் மோதி படத்து மேல அலை அலையா ஒரு கோலம் விழும், அதுதான் மொய்ரே. அது ஒரு தடவை பதிஞ்சிடுச்சுன்னா அப்புறம் எடுக்கவே முடியாது. 600-ல எடுத்தா புள்ளி புள்ளியாவே பதியும், பின்னாடி நிதானமா இளக்கிக்கலாம்.

கணக்கு பாருங்க, 8 க்கு 10.75 இன்ச் பக்கம் 600 டி.பி.ஐ.-ல 4800 க்கு 6450 பிக்சல், அமுக்காத டிஃப் ஃபைலா ஒரு பக்கம் சுமார் 93 எம்.பி., 100 பக்க இதழ் 9 ஜி.பி.-க்கு மேல. எல்.இஸட்.டபிள்யூ. அமுக்கம் போட்டாலோ பி.என்.ஜி.-யா வச்சாலோ தரம் குறையாம கொஞ்சம் சுருங்கும். ஹார்ட் டிஸ்க் இப்ப விக்கிற விலைக்கு இது பெருசில்ல. ஜே.பெக்ல மூலப் பிரதி எடுக்காதீங்க.

ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல இருக்கற ஆட்டோ சமாச்சாரம் எல்லாத்தையும் அணைங்க: ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பன், கலர் ரெஸ்டோரேஷன், டீஸ்கிரீன் (அச்சுப்புள்ளியை இளக்கறது), பின்னணியை வெளுக்க வைக்கிறது, எல்லாம். ஆட்டோ எக்ஸ்போஷர் இருந்தா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறத்துல வரும், கறுப்புப் பக்கம் சாம்பலாகும், எதிரெதிர் பக்கத்தை ஒட்டி வச்சா ரெண்டும் வேற பத்திரிகை மாதிரி இருக்கும். 24 பிட் கலர், எல்லாப் பக்கத்துக்கும், கறுப்பு வெள்ளைப் பக்கமா இருந்தாலும் கலர்லயே. வசதி இருந்தா நிறத்தை ஒப்பிட்டுப் பாக்கற ஐ.டி.8 கலர் அட்டை ஒண்ணு வாங்கி, வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் மாதிரி ஸ்கேன் சாஃப்ட்வேர்ல ஸ்கேனரோட நிறத்தை ஒரு தடவை அளவு பண்ணிடுங்க, இல்லைன்னா குறைஞ்சது ஒரு இதழ் முழுக்க ஒரே செட்டிங் வச்சு எடுங்க.

இன்னொண்ணு, இது செலவே இல்லாதது: தாளுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு சார்ட் அட்டை வைங்க. கேம் பத்திரிகைத் தாள் மெல்லிசு, ஸ்கேனர் மூடி வெள்ளையா இருக்கறதால பின்பக்க அச்சு முன்பக்கத்துல நிழலாத் தெரியும். கறுப்பு வச்சா அது பெருமளவு மறைஞ்சிடும், தாளோட ஓரமும் தெளிவா தெரியறதால கிராப் பண்றதும் சுலபம். பக்கம் மொத்தமா லேசா இருட்டும், அதை ஃபோட்டோ சாஃப்ட்வேர்ல கறுப்பு வெள்ளை அளவை மாத்தற லெவல்ஸ்ங்குற கருவியில சரி பண்ணிக்கலாம்.

என்னென்ன ஸ்கேன் பண்ணணும்? எல்லாமே. அட்டை நாலு பக்கம், முதுகு, விளம்பரம், சந்தா கட்டற கார்டு, போஸ்டர், ஸ்டிக்கர் தாள், நடுவுல செருகின டிப்ஸ் புத்தகம், மெயில் ஆர்டர் விலைப்பட்டியல். விளம்பரத்தை விட்டுடாதீங்கன்னு எவ்வளவு தடவை சொன்னாலும் தகும், வெளியாகாமலே போன கேம்களுக்கு மிச்சம் இருக்கறது சில சமயம் ஒரே ஒரு விளம்பரம்தான், மெயில் ஆர்டர் பட்டியல்ல இருக்கற பொடி எழுத்து விலைகள் வேற எங்கயும் கிடைக்காது. ஒரு வதந்தி எங்க பொறந்துச்சுன்னு காட்டறதுக்கும் அசல் பக்கம் வேணும்: எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி 1992 ஏப்ரல் இதழ்ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல ஷெங் லாங்னு ஒரு ரகசிய ஆள் இருக்கார்னு முட்டாள்கள் தினத்துக்காகப் போட்டாங்க, உலகம் பூரா பசங்க அதை நம்பி விளையாடிப் பாத்தாங்க. அந்தப் பக்கம் எப்படி அச்சாச்சு, எந்த மூலையில, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்தாதான் ஏன் நம்பினாங்கன்னு புரியும்.

பழைய ஓனர் மார்ஜின்ல எழுதின பாஸ்வேர்டு, கோடு போட்ட மேப், அதெல்லாம் அழிக்காதீங்க, அதுவும் சரித்திரம்தான். ஆனா அட்டையில ஒட்டின சந்தாதாரர் முகவரி லேபிள் இருந்தா மூலப் பிரதியில அப்படியே விட்டுட்டு வெளிய போடற பிரதியில பேரையும் விலாசத்தையும் மறைச்சிடுங்க, அது ஒரு தனி மனுஷரோட வீடு.

மடிப்புப் போஸ்டர் ஸ்கேனரை விடப் பெருசா இருந்தா பகுதி பகுதியா எடுத்து ஹியூகின்லயோ ஃபோட்டோஷாப்லயோ ஒட்டலாம். ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோட கால்வாசியாவது மேல விழணும், தாளைத் திருப்பாம ஒரே திசையில நகத்தணும், திருப்பினா ஸ்கேனர் விளக்கு மடிப்பு மேல வேற பக்கமா அடிச்சு ஒட்டு தெரியும். கூட வந்த சி.டி.யையும் மறக்காதீங்க. அமெரிக்காவோட அஃபிஷியல் பிளேஸ்டேஷன் மேகசின் 1997-ல இருந்து டெமோ டிஸ்க்கோடதான் வந்துச்சு, டிஜிட்டும் சி.டி., டி.வி.டி.யோட வந்தது நம்ம ஊர்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சி.டி.ல பாட்டு டிராக் கலந்திருந்தா ஐ.எஸ்.ஓ. ஃபைல்ல அது வராது, .bin, .cue ஃபைல் ஜோடியா எடுங்க. டிஸ்க்கோட மேல்பக்கத்தையும் உறையையும் ஸ்கேன் பண்ணுங்க. பிரிட்டன்ல ஸ்பெக்ட்ரம்ங்குற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த பத்திரிகைங்க கேம் கேசட் கூட குடுத்தாங்க, அதை 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா பதிவு பண்ணி வச்சுக்கிட்டு அப்புறம் டி.இஸட்.எக்ஸ்.ங்குற கேசட் ஃபைலா ஆக்கலாம்.

ஸ்கேன் முடிஞ்சதும் மூல ஃபைலை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு பூட்டிடுங்க. இனிமே எந்தத் திருத்தமும் அதோட பிரதியிலதான், மூலத்துல கை வைக்கவே கூடாது. இன்னைக்கு இருக்கற டீஸ்கிரீன் முறையை விட நல்லது பத்து வருஷம் கழிச்சு வரும், அப்ப இந்த மூலம்தான் கை குடுக்கும்.

பிரதியில முதல் வேலை நேராக்கறதும் ஓரம் வெட்டறதும். ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்டு இலவசம், ஒரு இதழையே மொத்தமா நேராக்கும், ஆனா கோணலா டிசைன் பண்ண பக்கத்தைப் பாத்து அது ஏமாந்து போகும், 90-கள்ல கேம் பத்திரிகையில நேரான பக்கமே குறைவுதான், அதனால ஒவ்வொண்ணா கண்ணால பாருங்க. ஓரம் வெட்டும்போது இறுக்கி வெட்டாதீங்க, பக்க எண் போயிடும்.

அடுத்து லெவல்ஸ். அச்சுல கறுப்பா இருக்க வேண்டியது கறுப்பா, வெள்ளை ஏறக்குறைய வெள்ளையா வர அளவுக்கு மட்டும். பழுப்பேறின காகிதத்தை பால் வெள்ளையாக்கப் போனா மெல்லிசான மஞ்சள், தோல் நிறம் எல்லாம் அதோட சேந்து போயிடும். இங்கிலாந்துல லட்லோங்குற சின்ன ஊர்ல இருந்து நியூஸ்ஃபீல்டு கம்பெனி 1984-ல கிராஷ், 1985-ல ஸாப் 64-னு ரெண்டு கேம் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, அதோட அட்டைகளை ஆலிவர் ஃப்ரே கையால வரைஞ்சார். அந்த அட்டையில நெருப்பும் உலோகமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையற இடத்தைப் பாத்துட்டு லெவல்ஸை ஒரு இழு இழுத்துப் பாருங்க, எவ்வளவு விவரம் காணாம போகுதுன்னு தெரியும்.

டீஸ்கிரீன் பண்றது ஒரு நிதானமான வேலை. 600-ல எடுத்ததை லேசா மங்க வச்சு, 300-க்கு சுருக்கி, ஒரு துளி ஷார்ப்பன், பெரும்பாலான பக்கத்துக்கு இவ்வளவே போதும். இதுக்குன்னே ஃபோட்டோஷாப் பிளகின்களும் இருக்கு. ஆனா கேம் படங்கள்ல ஜாக்கிரதை. 80-கள்ல கேம் ஸ்கிரீன்ஷாட்னா டி.வி. திரையை இருட்டு ரூம்ல வச்சு கேமராவால எடுத்த ஃபோட்டோ, அதுல திரையோட கிடைக்கோடு கூட பதிஞ்சிருக்கும், டீஸ்கிரீனைக் கூட்டி வச்சா அச்சுப்புள்ளியோட சேத்து அந்தக் கோடும், மூலையில இருக்கற ஸ்கோரும் கரைஞ்சிடும். வெளியான கேம்ல இல்லாத ஒரு எதிரியோ, வேற நிறத்துல ஒரு சுவரோ அந்தச் சின்னப் படத்துலதான் இருக்கும், ஆராயறவங்க தேடறதே அதைத்தான். அதே காரணத்துக்காக ஏ.ஐ. வச்சு பெருசாக்கறது, கூர்மையாக்கறது வேணவே வேணாம், அது இல்லாத பிக்சலையும் இல்லாத எழுத்தையும் தானா வரையும், அப்புறம் அது ஆதாரமா நிக்காது. ரெண்டு பக்கம் சேந்த படத்தை ஒட்டிக் காட்டணும்னா தனி ஃபைலா கூடுதலா குடுங்க, பக்கங்களை தனித்தனியாவே வைங்க.

ஃபைல் பேரு: பத்திரிகை பேர், வருஷம், மாசம், இதழ் எண், மூணு இலக்கத்துல பக்க எண், இந்த வரிசையில வச்சா எந்த கம்ப்யூட்டர்லயும் தானா வரிசையா நிக்கும். சில பத்திரிகை அட்டையை 1-னு எண்ணும், சிலது எண்ணாது, அதனால ஃபைல் எண்ணை தாளோட உண்மையான வரிசைப்படி குடுங்க. அமெரிக்கப் பத்திரிகையில அட்டைல போட்ட மாசத்துக்கு முன்னாடியே கடைக்கு வந்துடும், அந்த மாசத்தை நீங்களா திருத்தாதீங்க, அச்சுல உள்ளதை அப்படியே எழுதுங்க. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: என்ன ஸ்கேனர், எத்தனை டி.பி.ஐ., எந்தப் பக்கம் இல்ல, எது கிழிஞ்சிருக்கு, போஸ்டர் இருந்துச்சா, கடையில வித்த பிரதியா சந்தா பிரதியா. பக்கம் இல்லைன்னா இல்லைன்னு வெளிப்படையா எழுதுங்க, வேற யாராவது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவாங்க.

படிக்கறதுக்கான பிரதியை சி.பி.இஸட்.ங்குற காமிக்ஸ் ஃபைலா ஆக்கறது சுலபம், ஜே.பெக் பக்கங்களை ஜிப் பண்ணி பேரை மாத்தினா அதேதான், 85-ல இருந்து 90 தரம் போதும். பி.டி.எஃப். பண்ணா ஓ.சி.ஆர்., அதாவது படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு தேடற மாதிரி ஆக்கறது, அதையும் சேத்துடுங்க, ஓ.சி.ஆர்.மைபி.டி.எஃப். இலவசம், உள்ள டெஸெராக்ட்ங்குற எழுத்து படிக்கிற சாஃப்ட்வேர் ஓடும். கலர் பின்னணியில வெள்ளை எழுத்து இருந்தா அது தடுமாறும், இருந்தாலும் கேம் பேரை வச்சு தேடினா பக்கம் கிடைக்குதே, அதுவே பெரிய விஷயம். 1986-ல ஆரம்பிச்ச ஃபாமிட்சு மாதிரி ஜப்பான் பத்திரிகைன்னா மேல இருந்து கீழ எழுதின பத்திகளுக்கு டெஸெராக்ட்ல தனி மாடல் இருக்கு, அதைப் போடுங்க. வலமிருந்து இடமா புரட்டற இதழா இருந்தா வரிசையை அதுக்கேத்த மாதிரி வைங்க.

பேக்கப் மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. பென் டிரைவை நம்பாதீங்க. எல்லா ஃபைலுக்கும் எஸ்.எச்.ஏ.256 செக்சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள எண்) எடுத்து ஒரு ஃபைல்ல வச்சுக்கோங்க, வருஷம் ஒரு தடவை ஓட்டிப் பாத்தா எந்த ஃபைலாவது கெட்டுப்போயிருந்தா தெரிஞ்சிடும்.

வெளிய போடறதைப் பத்தி நேராவே சொல்லணும். பத்திரிகை நின்னு போச்சு, கம்பெனி மூடிட்டாங்க, அதனால காப்புரிமை போயிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. அமெரிக்காவுல கம்பெனிக்காக எழுதின படைப்புக்கு வெளியாகி 95 வருஷம் உரிமை இருக்கு, 1981-ல ஆரம்பிச்ச முதல் கேம் பத்திரிகைங்க கூட அதுக்குள்ளதான் வருது. 2016-ல இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருந்த நின்டெண்டோ பவர் ஸ்கேன்கள் நின்டெண்டோ கேட்டதால நீக்கப்பட்டுச்சு. அதனால இணையத்துல ஒரு இடத்துல மட்டும் இருக்கறதை பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, முழு மூலப் பிரதியை உங்ககிட்ட வச்சுக்கறதோட நிறுவனங்களுக்கும் குடுக்கலாம். அமெரிக்காவுல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும், நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டர்ல இருக்கற தி ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகமும் கேம் பத்திரிகைகளை சேகரிக்கறாங்க, அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட அந்த இதழ் இருக்கான்னு எழுதிக் கேளுங்க. முன்னாடி சொன்ன கம்ப்யூட்டர் என்டர்டெய்னரோட உரிமையை ஃபவுண்டேஷனே வாங்கி, யார் வேணா பயன்படுத்திக்கலாம்ங்குற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க, எல்லாப் பத்திரிகைக்கும் இப்படி நடந்தா எவ்வளவு நல்லா இருக்கும். பக்கத்து மேல வாட்டர்மார்க் மட்டும் போட்டுடாதீங்க, உங்க பேர் வேணும்னா டெக்ஸ்ட் ஃபைல்ல போடுங்க.

ஸ்கேன் எடுத்தாச்சுன்னு காகிதத்தைத் தூக்கிப் போடவும் வேணாம். பிரிச்ச தாள்களை வரிசையா அமிலம் இல்லாத அட்டைக்குள்ள வச்சு பாலிப்ரோப்பிலீன் உறையில போடுங்க, பி.வி.சி. உறை நாளாக ஆக பசபசன்னு ஆகி மையை இழுத்துக்கும். செல்லோடேப், ரப்பர் பேண்டு, லேமினேஷன், மூணும் கூடாது. கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூவும் கோதுமை மாவுப் பசையும், பின்னாடி எப்ப வேணா எடுத்துடலாம். பரண் வேணாம், கோடையில அடுப்பு மாதிரி கொதிக்கும், வெளிச்சுவரை ஒட்டின அலமாரியும் வேணாம், மழைக்காலத்துல ஈரம் இறங்கும். ஈரப்பதம் 30-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, நம்ம கடலோர ஊர்கள்ல அது நடக்காத காரியம், மூடி இறுகின பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல்லும் ஈரம் அளக்கற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் வச்சு, ஜெல் நிறம் மாறினதும் காய வச்சுப் போடுங்க. ராமபாணப் பூச்சி பசையையும் ஸ்டார்ச்சையும் தேடி வரும், அதுக்கு அந்துருண்டை போடறது வழக்கம், அந்தப் புகை மனுஷருக்கும் நல்லதில்ல, கூட இருக்கற பிளாஸ்டிக் உறைக்கும் டிஸ்க்குக்கும் நல்லதில்ல, பெட்டியைத் திறந்து மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறதே மேல்.

வெள்ளமோ ஒழுகலோ வந்து பத்திரிகை நனைஞ்சா, ஆர்ட் பேப்பரா இருந்தா நேரம் ரொம்பக் கம்மி. அந்தப் பளபளப்பு களிமண் பூச்சு, நனைஞ்சு அப்படியே காய்ஞ்சா பக்கங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டையாயிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. வெயில்ல காய வைக்காதீங்க. ஈரமா இருக்கும்போதே ஒவ்வொரு தாளுக்கு நடுவுலயும் பட்டர் பேப்பர் சொருகி ஃபேன் காத்துல வைங்க, நிறைய இதழ் நனைஞ்சிருந்தா தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு உடனே ஃப்ரீஸர்ல வச்சுடுங்க, உறைஞ்சுட்டா ஒட்டறது அங்கயே நின்னுடும், அப்புறம் ஒண்ணொண்ணா வெளிய எடுத்து, இளக இளக தாளைப் பிரிச்சு காய வைக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.